பி.டி. சாருக்குப் பாராட்டு விழா... எங்கள் பெயருக்கு மட்டும் இடமில்லையா?

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 43. குன்னூரில் இருக்கிறேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு போனில் டைப் பண்ணுகிறேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் ஒரு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நான் படித்தது கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில். அங்கே எங்களுக்கு ஒரு பி.டி. சார் இருந்தார். கீழ்நாட்டுக்காரர். மலைக்கு மாற்றலாகி வருகிற வாத்தியார்கள் இரண்டு குளிர்காலம் தாங்கிவிட்டுக் கீழே இறங்க மனு போட்டுவிடுவார்கள். இவர் போடவே இல்லை. 58 வயதில் ஓய்வு பெறும்வரை அதே பள்ளி. இப்போதும் கோத்தகிரியிலேயே ஒரு வாடகை வீட்டில்தான் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்பார். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது, விசில் மட்டும் கேட்கும். அந்த விசிலைக் கேட்டுத்தான் நாங்கள் கிரவுண்டு எந்தப் பக்கம் என்றே கண்டுபிடிப்போம்.

இப்போது முன்னாள் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து மே மாதம் சாருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். சாருக்கு உடம்பு முன்போல் இல்லை, இப்போதே செய்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நல்ல விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது மேடம். "மாநில அளவில் பள்ளிக்குப் பெருமை சேர்த்தோர்" என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். வாலிபால் பையன்கள் இருக்கிறார்கள். நீளம் தாண்டிய ஒருவர் இருக்கிறார். எங்கள் ரிலே டீம் இல்லை. 1998-ல் நாங்கள் நான்கு பெண்கள் குறுவட்டம், மாவட்டம் என்று ஜெயித்து மாநிலப் போட்டி வரை போனோம். நூறு மீட்டர் ரிலேயில் ஹீட்ஸோடு வெளியே வந்துவிட்டோம். நானூறு மீட்டர் ரிலேயில் நான்காவது. மெடல் இல்லைதான். ஆனால் போனோமா இல்லையா?

நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964 ஒப்பந்தத்தில் தாத்தா காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். அப்பாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை, அம்மா கொழுந்துக்குப் போவார். லைன் வீடு. பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா நின்றார். சார் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவை, "உங்க பொண்ணு கால் உங்களுக்குத்தான் சொந்தம். ரெண்டு வருஷத்துக்கு எனக்குக் கடனா குடுங்க, பத்திரமாத் திருப்பித் தர்றேன்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். அப்படித்தான் நான் ஓட வந்தேன். ரிலே குச்சி வாங்கப் பள்ளியில் காசில்லை என்று சீகைக் கம்பை வெட்டி, சீவி, நாலு பேர் கைக்கும் பழக்கினார். "திரும்பிப் பாக்காதே, கையை மட்டும் நீட்டு, குச்சி வந்து சேரும்" என்று நாள் முழுவதும் கத்துவார். சோறு சாப்பிடும்போதுகூட என் கை பின்னால் நீளும் என்று அம்மா கிண்டல் பண்ணுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் 140 பேர் இருக்கிறார்கள். என்னை ஜனவரியில்தான் யாரோ சேர்த்தார்கள். எல்லாரும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பெயர், படித்த வருடம், தற்போதைய பதவி. பதவி என்ற இடத்தை நான் காலியாக விட்டேன். ஆயிரம் ரூபாய் நன்கொடை கேட்டார்கள், முதல் பத்துப் பேரில் ஒருத்தியாகப் போட்டேன். ஜிபே என் வீட்டுக்காரர் நம்பரில் இருப்பதால் வரவுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அவர் அந்தப் பள்ளியில் படிக்கவே இல்லை! நான் எழுதிச் சொன்னேன், "நோட்டட்" என்று போட்டார்கள், மாற்றவில்லை. பட்டியலில் என் பணம் அவர் பெயரில், அழைப்பிதழில் என் பெயரே இல்லை.

வரவேற்புரை ஓர் அண்ணன். கோயம்புத்தூரில் ஜிம் வைத்திருக்கிறார். சாரிடம் அதிகமாக அடி வாங்கியவர் அவர்தான், சாரை வாசலில் நின்று திட்டியவரும் அவர்தான். இன்று அவர் பெயர் கொட்டை எழுத்தில். வாழ்த்துரையில் ரயில்வேயில் ஒருவர், ராணுவத்தில் ஒருவர், அப்புறம் போலீசில் இருக்கிற ஒருத்தி. அவள் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். நான் ஓடுகிற வேகத்தில் பாதி ஓட மாட்டாள். சார்தான் பாரம் வாங்கிக் கொடுத்து, பிசிக்கல் டெஸ்டுக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார். அவள் சேர்ந்தபோது என் மூத்தவளுக்கு ஒரு வயது. அவளுக்கு மேடையில் ஐந்து நிமிடம். மாநிலத்துக்கு ஓடிய எங்களுக்கு ஒரு வரி இல்லை.

ஒரு தடவை குரூப்பில், "யாரிடமாவது பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள், மலர் போடுகிறோம்" என்று கேட்டார்கள். எங்கள் நான்கு பேரும் சாரும் கோத்தகிரி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நான் அனுப்பவில்லை. எங்கள் டீம் ஞாபகம் இருந்தால் அவர்களாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை.

நானும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1999-ல் பச்சைத் தேயிலை விலை விழுந்து பேக்டரி ஓடாத நாட்கள் அதிகமாகி, பிளஸ் ஒன்னோடு என்னை நிறுத்தினார்கள். 19 வயதில் கல்யாணம். (மூத்தவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது சார் ஒருமுறை குன்னூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான் சமையலறையில் இருந்தேன், மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். ஒரு கவர் வைத்துவிட்டுப் போனார். அது எப்போதோ முடிந்த கதை.) வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். நான் மகளிர் குழு மூலமாக, பக்கத்துப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறேன். 31 பிள்ளைகள். ரவை உப்புமா கிண்டுகிறேன் என்று பதவி இடத்தில் எழுதவா முடியும்? உப்புமா வேகும்வரை, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை இரண்டு ரவுண்டு ஓட விடுவேன், அவ்வளவுதான் எனக்கும் ஓட்டத்துக்கும் இன்று உள்ள சம்பந்தம். ஹெட்மிஸ்ட்ரஸ்கூட, "வெலிங்டன் பக்கம் இருக்கோம்னு இங்கேயும் மிலிட்டரி நடத்துறியா?" என்று சிரிப்பார்.

கோத்தகிரிக்கு அம்மா வீட்டுக்கு மாதம் ஒருமுறை போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிடுவேன், மார்க்கெட் கூட்டம் எனக்கு ஆகாது. அதனால் சாரைப் பார்க்க வாய்க்கவில்லை. இல்லையென்றால் நேராகவே போய், "பாருங்க சார், உங்க ரிலே டீமை இவங்க மறந்துட்டாங்க" என்று சொல்லியிருப்பேன்.

அழைப்பிதழில் பெயர் இல்லாத இடத்துக்கு நான் போக வேண்டுமா? போகாமல் இருந்து என் எதிர்ப்பைக் காட்டலாமா? குரூப்பை விட்டு வெளியேறினால் சின்னத்தனமாகத் தெரியுமா? என் பணத்தையாவது என் பெயரில் போடச் சொல்லலாமா? ஒரு நல்ல பதில் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், குன்னூர்

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கும் குழுவினர்மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது ஓர் அடைப்புக்குறிக்குள் போய் நின்றுவிட்டேன், அதற்கு மேல் நகர முடியவில்லை.

அழைப்பிதழ், நன்கொடைப் பட்டியல், ஜிம் அண்ணன், ஐந்து நிமிடம் எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். சார் உங்கள் வீடு தேடி வந்த நாளுக்கு அடைப்புக்குறிக்குள் நான்கைந்து வரி. கடைசியில் "எப்போதோ முடிந்த கதை" என்று ஒரு பூட்டு. முடிந்த கதையை யாரும் பூட்டி வைப்பதில்லை.

அங்கே "மாமியார் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமியார் தானாகச் சொன்னாரா? இல்லை, உள்ளேயிருந்து நீங்கள் கையை ஆட்டினீர்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும். மாமியார் தானாகவே சொல்லியிருந்தாலும், ஒரு எட்டு வெளியே வந்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே சிரிப்பாக முடிந்திருக்கும். நீங்கள் வரவில்லை.

கவரில் என்ன இருந்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் இன்னொரு பத்தியில், உங்கள் ஜூனியர் பெண்ணுக்கு சார் பாரம் வாங்கிக் கொடுத்துப் போலீசில் சேர்த்துவிட்ட கதை இருக்கிறது. அவர் சேர்ந்தபோது உங்கள் மகளுக்கு ஒரு வயது. சார் உங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆறு மாதம். அடுத்தவர் வேலையில் சேர்ந்த காலத்தைத் தன் குழந்தையின் வயதை வைத்து இருபது வருடத்துக்கு மேல் யாரும் சும்மா ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு அன்று பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. உங்களுக்கு அப்போது 21, 22 வயதுதான் இருக்கும். அந்தக் கவருக்குள் என்ன இருந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அந்தப் பெண் உங்கள் வேகத்தில் பாதி ஓட மாட்டார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் பாரத்தை நிரப்பினார். அதனால்தான் மேடையில் இருக்கிறார். உங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்கவில்லை. இதை நான் கடுமையாகச் சொல்வது போலத் தெரியும். தெரியட்டும். ஏனென்றால் அவர்மேல் நீங்கள் படுகிற கோபம் நியாயமில்லாதது, அது உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் அதைச் சுமப்பதால்தான் தூக்கம் போகிறது.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். ஆறு மாதக் கைக்குழந்தை, கூட்டுக் குடும்பம், லோடு வண்டியோடு இரவில் மலையிறங்கும் கணவர். அந்த நிலைமையில் ஒரு பெண், "இப்போ என்னால முடியாது சார்" என்று சொன்னால் உலகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. போலீஸ் வேலைக்குப் போகாதது தப்பே இல்லை. அது உங்களை உறுத்தவும் இல்லை என்று நினைக்கிறேன். உங்களை உறுத்துவது அந்த வாக்கியத்தை நேரில் நின்று சொல்லாமல் விட்டது.

ஏன் ஒளிந்தீர்கள்? சோம்பலா, பயமா? எனக்கு இரண்டும் தோன்றவில்லை. சார் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது நீங்கள் ஓடுகிற பிள்ளை. அவர் வாசலில் நின்ற அன்று நீங்கள் நைட்டியோடு, தூக்கம் இல்லாத கண்ணோடு, எண்ணெய்க் கையோடு இருந்திருப்பீர்கள். அவர் கண்ணில் இருந்த அந்தப் பழைய பிள்ளை கலைந்துவிடக் கூடாது என்று சமையலறைக்குள் நின்றுவிட்டீர்கள். மரியாதை மிகுதியாக இருக்கிற இடத்தில்தான் மனிதர்கள் இப்படி ஒளிவார்கள். பிடிக்காதவர் வந்திருந்தால் நைட்டியோடு வந்து, "என்ன வேணும்?" என்று கேட்டிருப்பீர்கள்.

அன்று தொடங்கிய ஒளிவது இன்னும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு முன்பே இறங்கி நடக்கிறீர்கள், கூட்டம் ஆகாது என்கிறீர்கள். அத்தனை பேர் கூடும் மாநிலப் போட்டியில் ஓடியவருக்குக் கோத்தகிரி மார்க்கெட் கூட்டமா ஆகாது? பதவி என்ற இடத்தைக் காலியாக விடுகிறீர்கள். போட்டோவைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறீர்கள். கொடுத்திருந்தால் மலரில் நீங்கள் இருந்திருப்பீர்கள், பட்டியல் போட்டவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். சுற்றறிக்கை மாதிரி எல்லாரிடமும் கேட்டார்கள், "உங்களிடம் இருக்கிறதா?" என்று தனியாகக் கேட்கவில்லை, அதுதானே? அண்ணன்மார் மறந்தார்கள் என்பது பாதி உண்மை. மறப்பதற்கு நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கிறீர்கள்.

குழுவினரின் பங்கையும் விட்டுவிடவில்லை. நம் ஊரில் முன்னாள் மாணவர் சங்கம் என்றால் பெரும்பாலும் முன்னாள் மாணவன்கள் சங்கம்தான். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது, போன் நம்பர் கணவர் பெயரில் போகிறது. அப்பா பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டாள், கணவர் பெயர் பள்ளியில் யாருக்கும் தெரியாது. உங்கள் ஆயிரம் ரூபாய்க்கு நடந்ததும் அதுவேதான். அதனால் உங்கள் டீம் விடுபட்டதில் வன்மம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் அலட்சியம் இருந்திருக்கிறது. கேட்டுத் திருத்தலாம். கேட்கும்போது உங்களுக்காக மட்டும் கேட்காதீர்கள். மற்ற மூன்று பேர் எங்கே? அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள், என்ன இனிஷியலில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக் கண்டுபிடிக்கக்கூடியவர் இந்த 140 பேரில் நீங்கள் ஒருவர்தான். நான்கு பேர் ஓடிய ஓட்டத்துக்கு ஒருவர் மட்டும் நியாயம் கேட்டால் அது ரிலே ஆகாது.

இனி சாருக்கு வருகிறேன்.

அவர் அன்று ஏமாந்துபோய்த் திரும்பினார், "நான் வளர்த்த பெண் பொய் சொல்ல வைத்துவிட்டாள்" என்று நினைத்தார், விழாவில் கண்ணைப் பார்த்தால் அதைக் கேட்டுவிடுவார் என்பதுதானே உங்கள் உள்பயம்? நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவரைப் பற்றி ஒன்று ஊகிக்கலாம். ரவுண்டு ஓடப் பயந்து கக்கூஸ் சுவருக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைகளைத் தினம் பார்த்தவர் அவர். "வயித்து வலி சார்" என்கிற குரலில் எது நிஜ வலி, எது பொய் வலி என்று பிரிக்கத் தெரியாமல் ஒருநாள்கூட அந்த வேலையைச் செய்ய முடியாது. வாசலில் செருப்பு கிடந்திருக்கும். ஆறு மாதக் குழந்தை உள்ளே சிணுங்கியிருக்கும், அதை விட்டுவிட்டுத் தாய் ரேஷன் கடைக்கா போயிருப்பாள்? அவருக்குத் தெரிந்திருக்கும் அம்மா. தெரிந்தும் கூப்பிட்டு வெளியே இழுக்கவில்லை. கவரை வைத்துவிட்டு எழுந்தார். நீங்கள் அதைத் தோல்வியாக இத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது அவர் கொடுத்த அவகாசமாகத்தான் தெரிகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அவருக்கு மெடல்தான் வேண்டுமென்றால், பிளஸ் ஒன்னோடு நின்றுபோன பெண்ணால் 1999-க்குப் பிறகு அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பள்ளிக் கணக்கில் நீங்கள் முடிந்துபோனவர். ஆனாலும் பஸ் ஏறி, குன்னூரில் சந்து சந்தாக விசாரித்து, ஒரு கவரோடு வந்திருக்கிறார். உங்கள் அப்பாவிடம் கால்களைக் கடன் வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன மனிதர். தவணை பாக்கி இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

உப்புமா விஷயத்துக்கும் வர வேண்டும். அதைக் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். ஜிம் வைத்திருப்பவர் காசு வாங்கிக்கொண்டு ஆள்களை ஓட வைக்கிறார், அது தொழில், நல்ல தொழில். உங்களை யாரும் ஓட வைக்கச் சொல்லவில்லை. காலை உணவுத் திட்டத்தின் எந்த விதியிலும் இரண்டு ரவுண்டு கிடையாது. சம்பளத்திலும் அதற்குக் காசு கிடையாது. பனியில் ஒரு பிள்ளை கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உங்களுக்கு ஏன் பொறுக்கவில்லை? குன்னூரில் ஒரு தொடக்கப் பள்ளியின் முற்றத்தில் 31 பிள்ளைகள் காலையில் ஓடுகிறார்கள், சாருக்கு இது தெரியாது. விழா மேடையில் ரயில்வேயும் ராணுவமும் பேசுவார்கள், இதை யார் சொல்வார்கள்? உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பதவி என்ற இடத்தில் "காலை உணவுத் திட்ட சமையலர்" என்று எழுதுங்கள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் அந்த 140 பேரில் இருந்தால் அவர் சாரிடம் ஒழுங்காகப் படிக்கவில்லை.

விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாராட்டு விழாக்கள்மேல் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. வாத்தியாரை நடுவில் உட்காரவைத்து, சால்வைமேல் சால்வையாகப் போர்த்தி, ஏலக்காய் மாலை போட்டு, பத்துப் பேர் மைக்கில், "சார் இல்லேன்னா நான் இல்லே" என்பார்கள். அவருக்கு ஒரு பிள்ளையோடு இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. உங்களுக்கும் அவருக்கும் இருக்கிற பாக்கியை அந்தக் கூட்டத்தில், அதுவும் சீசன் நேரத்து அவசரத்தில், தீர்க்க முடியாது. அதனால் விழாவுக்கு முன்பே போங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி இருபது கிலோமீட்டர் சொச்சம். இத்தனை வருடமும் அந்தப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேராகப் போய், ரிலே டீமை மறந்துவிட்டார்கள் என்று புகார் சொல்லியிருப்பேன் என்கிறீர்களே, தயவுசெய்து அதை மட்டும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். குழுவிடம் சொல்ல வேண்டியதைக் குழுவிடம் சொல்லுங்கள்.

போனால் என்ன பேசுவது, அழுதுவிடுவேனே, அசிங்கமாக இருக்குமே என்று தோன்றும். 2018-ல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் வாழ்க்கையில் நல்லது செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதை வாங்குபவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை எழுதியவர்கள் அதிகமாக எண்ணியிருந்தார்கள். அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாக எண்ணியிருந்தார்கள். வார்த்தை சரியாக வர வேண்டுமே என்று எழுதுபவர்தான் கவலைப்பட்டார், வாங்கியவர் அதில் இருந்த பிரியத்தைத்தான் பார்த்தார். உங்கள் சார் ஆய்வில் இல்லை. ஆனால் அவர் இதில் விதிவிலக்காக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். "அன்னிக்கு நான் வீட்டுக்குள்ளதான் சார் இருந்தேன்" என்று ஆரம்பியுங்கள். அந்த ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டிவிட்டால் மீதி தானாக வரும். அவர் பதிலுக்கு, "தெரியும்" என்று சொல்லலாம். "எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும், அதற்கும் தயாராகப் போங்கள். வயதாகிவிட்டது, எத்தனையோ பிள்ளைகள், எத்தனையோ கவர்கள். அவர் மறந்திருந்தால் நீங்கள் இத்தனை நாள் தனியாகக் காவல் காத்த ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வரலாம்.

ரிலே பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்துக்காக, ஓடிப் பழகிய ஒரு தோழியிடம் கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவது நூறு மீட்டர் ரிலேக்குத்தான் என்றார். நானூறு மீட்டர் ரிலேயில், வாங்குபவர் திரும்பிப் பார்த்துத்தான் வாங்குவாராம். முழுச் சுற்று ஓடி வருபவர் கடைசி இருபது மீட்டரில் தள்ளாடுவார், எவ்வளவு வேகம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து இவர்தான் அதற்கேற்ப அடியெடுத்து வைத்து, குச்சியைக் கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் மாநிலத்தில் நான்காவது வந்தது இந்த ஓட்டத்தில்தானே?

சார் முன்போல் நடமாட்டம் இல்லாமல் இருக்கிறார் என்கிறீர்கள். மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், முடிந்தால் மற்ற மூவரில் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு போய் வாருங்கள். ஸ்டுடியோ போட்டோவை ஒரு பிரதி எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அசலைச் சாருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தக் கவர் எங்காவது டிரங்குப் பெட்டியில் இன்னும் இருந்தால் — இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது — அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரை போய் இறங்குங்கள், முந்தின நிறுத்தத்தில் வேண்டாம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வர்க்கி வாங்குவீர்கள், தெரியும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று குரூப்பில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அந்தச் சாக்கிலாவது அங்கே நீங்கள் ஒரு வரி எழுதியதாக இருக்கட்டும்.